யார் யாரோடு சேருவது?

கொழும்பு

அன்பின் நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். எதிரும் புதிருமான கட்சிகள் சேர்ந்து உருப்படியாக எதையாவது செய்ததுண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு, ஒரு குறித்த வேலைக்காகச் சேர்ந்தபோது. அமைச்சுப் பதவிக்காகச் சேர்ந்தபோதெல்லாம் கதை வேறு.

அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றத்தின் 225 பேரில் 150 பேர் வேண்டும். 2015 ஏப்ரலில் 19ஆவது திருத்தத்துக்கு 215 பேர் ஆதரவளித்தார்கள்; எதிர்த்தவர் ஒருவர். 2022 ஒக்டோபரில் 21ஆவதற்கு 179, அப்போதும் எதிர்ப்பு ஒன்றே. திருத்த வாசகம் கையில் இருந்தது, வாக்களித்ததும் வேலை முடிந்தது.

அதே 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சியும் (ஐ.தே.க.) சுதந்திரக் கட்சியும் இரண்டு வருடத்துக்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதின. 19ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 என்று எல்லை போட்டிருந்தது. ஆனால் 'தேசிய அரசாங்கம்' என்றால் எண்ணிக்கையைப் பாராளுமன்றமே தீர்மானிக்கலாம் என்று ஒரு வாசலும் வைத்திருந்தது. செப்டெம்பரிலேயே அந்த வாசலால் நுழைந்து அமைச்சர்களை 48 ஆக்கினார்கள், இராஜாங்க, பிரதி அமைச்சர்களை 45 ஆக்கினார்கள். எத்தனை ஆசனமுள்ள கட்சி சேர்ந்தால் அது தேசிய அரசாங்கம் என்று சட்டத்தில் இல்லை. அதனால்தான் 2019 பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸின் ஒரேயொரு உறுப்பினரைக் காட்டி ஐ.தே.க. இன்னொரு தேசிய அரசாங்கம் அமைக்கப் பார்த்தது. சரிவரவில்லை. முதலாவது கூட்டு, 2018 ஒக்டோபர் 26 அன்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரியின் சுதந்திரக் கட்சித் தரப்பு விலகியதோடு முடிந்திருந்தது.

இதே இரு கட்சிகளும் எழுதிய 2006 உடன்படிக்கையின் ஆயுள் அதைவிடக் குறைவு. ஒக்டோபரில் கையெழுத்து, மறு ஜனவரியில் ஐ.தே.க. உறுப்பினர்கள் கட்சி தாவி அமைச்சரானார்கள். ஆதரவு தர ஒப்பிய கட்சியின் ஆட்களையே இழுத்தால் ஒப்பந்தத்தில் என்ன மிஞ்சும்? தாவியவரைக் கட்சி நீக்கினாலும், ஆசனம் பறிபோக ஒரு மாதம் உண்டு. அதற்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் அரசியலமைப்புப் பேரவை. பத்துப் பேர்: ஏழு பேர் எம்.பி.க்கள், மூவர் வெளியார். அந்த மூவருக்குப் பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் இணங்க வேண்டும். இணங்காவிட்டால் கதிரை காலி, ஆணைக்குழு நியமனங்களும் இழுபடும். நெருக்கடி இருந்தால்தான் பேசுவார்கள்.

எங்கள் கொழும்பு மாநகர சபையில் 117 ஆசனம். 2025 இல் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது 48. ஜூனில் அவர்களின் மேயர் 61 வாக்கில் தெரிவானார். வாக்கெடுப்பு இரகசியம், ஆகவே மிகுதி 13 யாருடையது என்பதற்குப் பதிவில்லை. பதிவில்லாத ஆதரவு அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கும் வருமென்று எவரும் பொறுப்பேற்க முடியாது.

உங்கள் பிரதேச சபையில் தவிசாளரைப் பகிரங்க வாக்கில் தெரிந்தார்களா, இரகசியமாகவா? எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்