குமரி மாவட்டத்து ஆக்கர் கடை அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கு,

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று பழைய சாமான்களை எடைக்கு வாங்கும் உங்கள் கடைகளில் புத்தகக் கட்டுகளைக் கிளறிக்கொண்டு நிற்கிற ஆள் நான். உங்களில் பலருக்கு முகம் தெரியும். என்ன தேடுகிறேன் என்று மட்டும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை.

ரோல்பிளேயிங் கேம் புத்தகங்கள்தான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை பேசி ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். துணிந்து செய்த காரியம் பலித்ததா என்று பகடை சொல்லும். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் அமெரிக்காவில் கொண்டுவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. பின்னால் வந்த பல இன்று அச்சில் இல்லை.

இணையத்தில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். சிலவற்றை ஸ்கேன் செய்து முறையாக விற்கிறார்கள். ஆனால் நாவலையோ சினிமாவையோ வைத்துச் செய்த விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவல் எழுதிய டோல்கீனின் கதையுலகை வைத்து அயர்ன் கிரவுன் நிறுவனம் 1984-ல் ஒன்று போட்டது. 1999-ல் உரிமை கைவிட்டுப் போனது. இனி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால்தான் உண்டு.

நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் ஆள் போகாத ஊர் ஏது? அவர்கள் பெட்டியில் வந்த புத்தகங்கள், வீடு இடிக்கும்போது உங்களிடம்தான் வந்து சேர்கின்றன.

போன ஐப்பசியில் ஒரு கடையில் சிவப்புப் பெட்டி ஒன்றின் மூடி மட்டும் கிடைத்தது. 1983-ல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெட்டி. உள்ளே 64 பக்கத்தில் ஒரு புத்தகம், 48 பக்கத்தில் இன்னொன்று, ஆறு பகடைகள், பகடையில் குழிந்திருக்கும் எண்களில் தேய்த்து நிறமேற்ற ஒரு கிரேயான் எல்லாம் இருந்திருக்க வேண்டும். அட்டை தனி, தாள் தனி என்று பிரித்தாயிற்று. மூடியின் உட்பக்கம் யாரோ பென்சிலால் கூட்டல் கழித்தல் போட்டிருந்தார்கள். சண்டையில் அடிபட்ட கணக்காக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். யார் மேலும் கோபமில்லை, எடைதானே உங்கள் தொழில்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அட்டை தனியாகக் கழன்று வருகிற மெல்லிய ஆங்கிலப் புத்தகம் வந்தால், கிழிசல் என்று பிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பல சாகசப் புத்தகங்களை அப்படித்தான் போட்டார்கள். அட்டையின் உட்பக்கம் நீல மையில் நிலவறை வரைபடம் இருக்கும். அட்டை போனால் ஆட முடியாது. பெட்டியாக வந்தால் பெட்டியோடு வையுங்கள். ஆறு முகத்துக்கு மேல் உள்ள பகடைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், நமக்கு ரெண்டு மழையும் உண்டு, தரையில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பலகை மேல் ஒரு சாக்கில் போட்டு வைத்தால் போதும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்கிறேன். எடை விலைக்குக் கேட்க மாட்டேன், புத்தக விலையே தருகிறேன்.

அன்புடன்,
வடசேரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்