பல் சீட்டில் எண்ணோடு பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து குருமடப் படிப்புக்கும் செவிலியர் வேலைக்கும் இத்தாலி போனவர்கள், லீவில் ஊருக்கு வரும்போது பல் வேலையை இங்கேயே பார்த்துக்கொள்கிறார்கள். செலவு குறைவு, பேச்சும் புரியும். சிக்கல் பல் மருத்துவர் எழுதித் தரும் சீட்டில்தான். அங்கே எழுதியது இங்கே தப்பாகப் படிக்கப்படுகிறது, இங்கே எழுதியது அங்கே பாதிதான் விளங்குகிறது.

ஆங்கிலம் தெரிந்தால் இத்தாலியச் சீட்டை ஊகித்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. ‘ஒட்டுராட்ஸியோனே’ என்றால் சொத்தையைச் சுரண்டிவிட்டுப் பல்லை அடைத்தார்கள், அவ்வளவுதான். ஓசை ஒத்த ஆங்கிலச் சொல்லான ‘ஆப்டுரேஷன்’ பல் மருத்துவரிடம் வேர்க்குழாயை கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து அடைப்பதைக் குறிக்கும். ஓசையை நம்பி எழுதினால், உயிருள்ள பல்லுக்கு ரூட் கேனால் (நரம்பை எடுத்து வேர்க்குழாயை அடைக்கும் சிகிச்சை) முடிந்துவிட்டதாகப் பதிவாகிவிடும்; நாளைக்கு அந்தப் பல் கூசினால் மருத்துவர் காரணத்தைப் பக்கத்துப் பல்லில் தேடுவார். ரூட் கேனாலுக்கு அவர்கள் வழக்கமாகச் சொல்வது ‘தேவிதலிட்ஸட்ஸியோனே’. ‘காப்சுலா’ பல்லைப் பற்றிய வரியில் வந்தால் பல்லின் மேல் போடும் உறையான கேப், மருந்து வரியில் வந்தால் காப்ஸ்யூல். ‘கொம்ப்ரெஸ்ஸா’ என்பது ஒத்தடம் அல்ல, மாத்திரை. ‘கொஸ்திபாத்தோ’ என்று நோயாளி சொன்னால் பெரும்பாலும் சளி, மூக்கடைப்பு. ஆங்கிலச் சொல்லின் ஓசையை வைத்து மலச்சிக்கல் என்று எண்ணிப் பேதி மருந்து கொடுத்துவிடக் கூடாது. மாத்திரை எண்ணிக்கைக்குப் பின் சாய்கோடு போட்டு டி, ஐ, ஈ என்று மூன்று எழுத்து இருக்கும். அது ‘நாளொன்றுக்கு’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆங்கிலம் மட்டும் படித்த வீட்டார் அதைப் பார்த்துப் பதறுவதில் தவறில்லை.

எண்களிலும் கவனம் வேண்டும். இத்தாலியில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. ‘1,500’ என்று அங்கே எழுதினால் ஒன்றரை. நாம் படிப்பதோ ஆயிரத்து ஐந்நூறு. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து எழுதுபவர்கள் இந்த ஒன்றை மறக்கவே கூடாது.

மருந்துப் பெயரில் மரத்துப்போகும் ஊசியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இங்கே ‘லிக்னோகெய்ன்’ என்கிறோம். உலகப் பொதுப்பெயர் ‘லிடோகெய்ன்’, இத்தாலியில் ‘லிடோகாயினா’. மூன்றும் ஒரே மருந்து. ஒவ்வாமை உள்ளவரின் சீட்டில் ‘லிக்னோகெய்ன்’ என்று மட்டும் இருந்தால், அங்குள்ளவர் கண்ணில் அது படாமலே போகலாம். அமாக்சிசிலின்–கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் ‘625’ என்று மொட்டையாக எழுதாமல் ‘500 + 125 மில்லிகிராம்’ என்று பிரித்து எழுதுங்கள். அங்கே ‘1 கிராம்’ என்று சொல்லப்படும் மாத்திரை 875 + 125. ‘1-0-1’ நமக்குப் பழகியது. ‘காலை 1, இரவு 1’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு பல்லின் எண்ணில் நடக்கிறது. நம் கல்லூரிகளில் கற்பிப்பதும் இத்தாலியில் வழங்குவதும் எஃப்.டி.ஐ. (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) வகுத்த இரட்டை இலக்க முறை. முதல் இலக்கம் வாயின் கால்பகுதி: மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. பால் பல்லுக்கு இதே வரிசையில் 5 முதல் 8. இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து எண்ணும் வரிசை. ஆகவே 36-ஐ ‘முப்பத்தாறு’ என்று படிக்காமல் ‘மூன்று, ஆறு’ என்றே படிக்க வேண்டும். வலம் இடம் எல்லாம் நோயாளியுடையது. எதிரே நின்று பார்ப்பவருக்கு மாறித் தெரியும். அமெரிக்காவிலிருந்து வரும் சீட்டிலோ 1 முதல் 32 வரை நேர் எண். அங்கே 18 என்பது கீழ் இடப்பக்க இரண்டாம் கடைவாய்ப்பல். நமக்கு 18 மேல் வலப்பக்க ஞானப்பல். பிடுங்க வேண்டிய பல் என்று வெறும் 18 எழுதியிருந்தால் என்ன ஆகும்? இங்கே பல மருத்துவர்கள் வாயின் கால்பகுதியைக் காட்டச் சிலுவைக் கோடு போட்டு மூலையில் 6 என்று எழுதும் பழைய முறையும் இருக்கிறது. அதை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பும்போது கோடு போய் 6 மட்டும் மிஞ்சும். வாயில் அப்படி நான்கு பற்கள் உண்டு.

1606-இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்தே இத்தாலியோடு நமக்குப் பழக்கம். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதி என்ற தமிழ் அகராதியே தொகுத்துத் தந்தார். நம் பல் மருத்துவக் கல்லூரிகள் தமிழ், ஆங்கிலம், இத்தாலியம் மூன்றிலும் ஒரு பக்கச் சொற்பட்டியல் அச்சிட்டுத் தருவது பெரிய காரியமா?

அதுவரை மருத்துவர்களிடம் நாங்கள் கேட்பது சீட்டின் அடியில் இரண்டு வரி: “எஃப்.டி.ஐ. 36, கீழ்த்தாடை, நோயாளியின் இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல். ரூட் கேனால் முடிந்தது, கேப் இன்னும் போடவில்லை.” அந்தக் கடைசி மூன்று சொற்களை விட்டுவிடாதீர்கள். அது தெரிந்தால்தான் ரோமில் பார்க்கும் மருத்துவர் முதல் வேலையாகக் கேப் போடுவார். இல்லையென்றால் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைக் கடிக்கும்போதே பல் வேர்வரை பிளந்து, பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போகலாம்.

இப்படிக்கு,
மருத்துவ ஆவண மொழிபெயர்ப்பாளர்கள்,
அண்ணா நகர், மதுரை.