சனிக்கிழமை ஐஸுக்கு ஒரு நன்றி மடல்

வேன் அண்ணன், தையற்கடை அக்கா, ஸ்கேட்டிங் தளத்தைச் சீர்படுத்தும் ஐஸ் வண்டி அங்கிள், கனடாவின் ரிச்மண்டில் இருக்கும் என் சின்னம்மா மகள், "என் பேரைப் போட்டால் பேச மாட்டேன்" என்று மிரட்டிய கோச் தங்கச்சி, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமையோடு நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பன்னிரண்டு வார ஸ்கேட்டிங் வகுப்பு நல்லபடியாக முடிந்தது. பதினெட்டுப் பேர் போனார்கள், பதினெட்டுப் பேரும் முழுசாகத் திரும்பினார்கள். ஒரு பல் மட்டும் விழுந்தது. அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால்பல் என்று அவன் அம்மாவே சாட்சி சொல்லிவிட்டார்.

"கே.எல். வெயிலில் பிள்ளைகளுக்கு எதற்கம்மா ஐஸ்?" என்று கேட்டவர்களிடம் 2017 ஆகஸ்டைப் பற்றித்தான் சொன்னேன். கோலாலம்பூர் ஏற்று நடத்திய அந்த ஆண்டு சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில்தான் ஐஸ் ஹாக்கியும் ஃபிகர் ஸ்கேட்டிங்கும் ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் பந்தயமும் முதன்முதலாகச் சேர்ந்தன. தாமன்சாரா பெர்டானா ஐஸ் அரங்கில் நடந்தது. நான் தொண்டூழியர், டிக்கெட் பார்த்து இருக்கை காட்டுகிற வேலை. வெளியே சட்டை முதுகில் ஒட்டும், உள்ளே பல் கிட்டும். சன்வே பிரமிட் பேரங்காடி ஐஸில் பழகிய ஜூலியன் யீ அங்கே ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வாங்கினார். மறு ஆண்டு பியோங்சாங்கில், மலேசியா முதன்முதலாகக் கலந்துகொண்ட குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

ஆனால் என் கண் அன்றைக்குப் போனது வேறு இடத்துக்கு. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் பூவும் பொம்மையும் ஐஸில் எறிவார்கள். குட்டிப் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு வந்து பொறுக்குவார்கள். அப்படிப் பொறுக்கிய பிள்ளைகளில் ஒருத்திதான் இன்றைக்கு எங்கள் கோச். தங்கச்சி, முதல் நாள் நீ நிற்கக் கற்றுக்கொடுக்கவில்லை, விழக் கற்றுக்கொடுத்தாய். முட்டியை மடக்கு, பக்கவாட்டில் சாய், விரலை உள்ளே மூடிக்கொள், பின்னால் வருகிறவன் பிளேடு ஏறிவிடும். மூன்றாம் வாரம் நான் நீட்டிய கவரை வாங்காமல், காலணி வாடகைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாய். அதில் எவ்வளவு இருந்தது என்றுகூட நீ பார்க்கவில்லை.

ரிச்மண்ட் தங்கைக்கு வருகிறேன். வான்கூவர் 2010 ஒலிம்பிக்கின் ஸ்பீட் ஸ்கேட்டிங் அரங்கத்தை வீடியோ அழைப்பில் எனக்குச் சுற்றிக் காட்டினாயே, அங்கேதான் நம் பிள்ளைகளை ஐஸில் இறக்கும் ஆசை எனக்கு முளைத்தது. 400 மீட்டர் ஐஸ் பாதையை எடுத்துவிட்டு, இரண்டு ஐஸ் தளம், கூடைப்பந்து, கைப்பந்து, உடற்பயிற்சிக்கூடம் என்று ஊர்க்காரர்களுக்கே திறந்துவிட்டிருக்கிறார்கள். கூரைக்கு வண்டு அரித்த பைன் மரப் பலகை! வான்கூவரில் கர்லிங் (ஐஸில் கல்லைச் சறுக்கவிடும் ஆட்டம்) நடந்த அரங்கம் இன்று நூலகமும் நீச்சல் குளமும் உள்ள சமூக மையம். கட்டும்போதே "பிறகு இது யாருக்கு" என்று யோசித்திருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் அது வாய்ப்பதில்லை. போஸ்னியாவின் சரயேவோவில் 1984 ஒலிம்பிக்கின் பாப்ஸ்லே (ஐஸில் சறுக்கும் வண்டிப் பந்தயம்) பாதை போரையும் பார்த்துவிட்டுச் சுவர்க்கிறுக்கலோடு மலையில் கிடக்கிறது. சரி, கதை எங்கோ போகிறது. உன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன பதினோரு ஜோடி ஸ்கேட்ஸைத் திரட்டி, கப்பல் கூலியும் கட்டி அனுப்பினாய். பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு மேப்பிள் பிஸ்கட் டப்பாவும் இருந்தது. அது பிள்ளைகள் கைக்குப் போகவில்லை, மன்னித்துக்கொள்.

ஐஸ் வண்டி அங்கிள், ஐஸைச் சீர்படுத்தச் சுடுதண்ணீர் ஊற்றுவீர்கள் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவே இல்லை. மேல்தோலைக் கொஞ்சம் உருக்கி, அதோடு ஒட்டி உறைந்தால்தான் தளம் வழுவழுப்பாக இருக்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அந்த வாரம் அறிவியல் ஆசிரியர் பாடு திண்டாட்டம்.

தையற்கடை அக்கா பழைய டிராக்பாட்டம்களில் முட்டிக்குப் பஞ்சு வைத்துத் தைத்தார். காசு பேச்சே இல்லை. செலவுக்குக் காசு தருவதாகச் சொல்லி, பேனர் அளவெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசி வாரம் போனை எடுக்காத நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அந்தப் பள்ளத்தை நம் பெற்றோர் மூன்று ஞாயிறு நாசி லெமாக் விற்று அடைத்தார்கள். சம்பால் காரம் கூட என்று புகார் வந்தது, பொட்டலம் மிஞ்சவில்லை.

வேன் அண்ணே, காலை ஏழு மணிக்குப் பசியாறாமல் வந்து நின்றதை நான் கவனித்தேன். அடுத்த அணி பள்ளி விடுமுறை முடிந்ததும் தொடங்குகிறது. ரொட்டிச் சானாய் என் பொறுப்பு. வேனில் ஒற்றைக் கையுறை கிடக்கிறது என்றீர்களே, வீடு வீடாக விசாரித்துவிட்டேன். என் மகனுடையதுதான்.

அன்புடன்,
சனிக்கிழமைப் பிள்ளைகளில் ஒருவனின் அம்மா
கோலாலம்பூர்