நாலு பேருக்கு ஓர் அடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, ஆச்சி எல்லாரும் சுகம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவாய். குக்கர் விசில் அடிக்கும், பாதி உன் காதில் விழாது. மீதியைக் கேட்டு உன் சேக்காளிகள் சிரிப்பார்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன். வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்.

ஹாஸ்டலை விட்டு நாலு பேராகச் சேர்ந்து பீளமேட்டில் வீடு எடுக்கிறோம் என்று நீ சொன்னதும் அப்பா வாடகைக் கணக்குப் போட்டார். எனக்கு அடுப்படி யோசனைதான். நாலு பேரில் உனக்கு மட்டும்தான் தோசை சுடவும் ரசம் வைக்கவும் தெரியும், மற்ற மூணு பேருக்கு டீகூடப் போடத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னாய். எனக்கு அங்கேதான் கவலை பிடித்தது. ஒரு வீட்டில் யாருக்குச் சமைக்கத் தெரியுமோ அவர் கைக்குத்தான் கரண்டி போகும். போனது திரும்பி வராது. "நீ வச்சா நல்லா இருக்கும்லே" என்று ஆளாளுக்கு ஐஸ் வைப்பார்கள். முதல் வாரம் சந்தோஷமாக இருக்கும். பரீட்சை நேரத்தில் நீ அடுப்படியில் நிற்பாய், அவர்கள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் முதல் மாசம் நீ சமைப்பதைவிட மற்ற மூணு பேருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் முக்கியம். அவர்களுக்கு உப்பு கூடும், அடி பிடிக்கும். நீ பாய்ந்து போய்க் கரண்டியைப் பிடுங்காதே. நாலு நாள் கரிந்ததைத் தின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

சாம்பாரில் பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கிறது, எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை என்று கேட்டாயே, அதைச் சொல்லிவிடுகிறேன். உன் கைக்குற்றம் இல்லை அது. எந்தத் தண்ணீரில் வேகவைத்தாய் என்று பார். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரை ஊரே கொண்டாடும். ஆனால் நீங்கள் இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான் என்று நீயே சொன்னாய். அந்த உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும், மசியவிடாது. குளிக்க, துணி துவைக்க அந்தத் தண்ணீர் போதும். பருப்புக்கும் அரிசிக்கும் குடிக்கிற தண்ணீரையே ஊற்று. பருப்பை அரைமணி நேரம் ஊறப்போடு. ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ரெண்டு சொட்டு எண்ணெய் விடு. எண்ணெய் விட்டால் நுரை பொங்கி வெயிட் அடைக்காது. குக்கரில் பருப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதே. இன்னொன்று, வேகாத பருப்பில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டால் அப்புறம் நீ எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் வேகாது. புளிப்பு ஏறினால் வேக்காடு நின்றுபோகும். காயும் அப்படித்தான். முதலில் வேகட்டும், பிறகு புளி.

உனக்குப் பதினைந்து வயசில் கரண்டியைக் கொடுத்தபோது, "ஆம்பளப் பிள்ளைய அடுப்படில நிறுத்துதியே" என்று ஆச்சி முணுமுணுத்தது உனக்கு நினைவிருக்கும். அக்கா அதே வயசில் தோசை வார்த்தபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிற தவசிப்பிள்ளை ஆம்பளைதானே, அங்கே வைத்ததை மட்டும் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடுகிறீர்களே என்று கேட்டேன். பதில் வரவில்லை. இப்போது அதே ஆச்சி, "எம் பேரன் ரசம் வைப்பான், தெரியும்லா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்!

சரி, வேலையை எப்படிப் பிரிப்பது? "ஒருத்தன் சமைப்பான், ஒருத்தன் பாத்திரம் கழுவுவான்" என்று நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பிரித்தால் கழுவுகிறவன் கடைசிவரை கழுவிக்கொண்டே இருப்பான், சமைக்கிறவன் கடைசிவரை சமைப்பான். நாள் முறை போடுங்கள். அன்றைக்கு யார் முறையோ அவன் காய் பார்த்து, அரிசி போட்டு, சமைத்து, அடுப்பு மேடையைத் துடைப்பதுவரை எல்லாம் அவன் பொறுப்பு. தட்டை மட்டும் அவனவன் கழுவ வேண்டும். எல்லா வேலையையும் ஒரே ஆள் செய்தால்தான், காலையில் ஊறவைத்தால் ராத்திரி ஆகும், மல்லித்தழை இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வரும். அந்த யோசனைதான் சமையல். கிண்டுவதை யாரும் கிண்டலாம்.

காய்க்கு சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போங்கள். காலையிலேயே போனால்தான் நல்ல காய் கிடைக்கும். உங்களிடம் பிரிட்ஜ் இல்லை, அதனால் ரெண்டு நாளைக்கு மேல் வாங்காதே. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார், படக்கென்று ஒடியவேண்டும் (கடைக்காரர் பார்க்காதபோது ஒடி). வாழைக்காய், பூசணி, சேனை, சின்ன வெங்காயம் எல்லாம் வெளியில் கிடந்தாலும் தாங்கும். கீரையை அன்றைக்கே முடித்துவிடு. செலவுக்கு ஒரு நோட்டு போட்டு அடுப்படியிலேயே தொங்கவிடுங்கள். வாங்கியவன் வாங்கிய அன்றே எழுதவேண்டும். நாலு பேர் சேர்ந்த இடத்தில் சண்டை வருவது வாடகையால் இல்லை, "நான் வாங்கின எண்ணெய்" என்பதில்தான்.

கேஸ் விஷயத்தை அப்பா எழுதச் சொன்னார். அஞ்சு கிலோ சிலிண்டர் வாங்கினாயே, அந்தச் 'சோட்டு', அதுவே உங்களுக்குப் போதும். கிலோவுக்கு வீட்டுக் கேஸைவிட விலை கூடத்தான், ஆனால் முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டி வாங்கலாம் என்பதால் வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தோது. ராத்திரி படுக்கப்போகும்போது ரெகுலேட்டரை மூடு. வாடை அடித்தால் சுவிட்ச் எதையும் தொடாதே, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வா. அந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். வெளியே வந்து 1906-க்கு அடி. இந்த எண்ணை நாலு பேரும் போனில் போட்டு வையுங்கள்.

இனி ரசம். டீ போடத் தெரியாதவனுக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டாயே, ரசத்தையே சொல்லிக்கொடு. எல்லாரும் முட்டைப் பொரியலில் ஆரம்பிப்பார்கள். அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ரசத்தில் புளியின் அளவு, காரத்தின் அளவு, தாளிப்பு, எப்போது அடுப்பை அணைப்பது என்று எல்லாமே வந்துவிடும். கெட்டுப்போனாலும் நஷ்டம் கொஞ்சம்தான்.

நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறப்போடு. ரெண்டு தக்காளியைக் கையாலேயே பிசைந்து அதில் விடு. மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் ரசம் தக்காளி சூப் மாதிரி ஆகிவிடும். ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், தோலோடு நாலைந்து பல் பூண்டு, மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டு. உரல் இல்லையென்றால் சப்பாத்திக் கட்டையால் தட்டு. புளித்தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டுப் பச்சை வாடை போகிறவரை கொதிக்கவிடு. இதை அவசரப்படுத்தாதே. மூக்கை வைத்துப் பார்த்தால் தெரியும், முதலில் புளி வாடை தனியாக அடிக்கும், பிறகு அடங்கிவிடும். அப்போது தட்டியதைப் போட்டு, பருப்புத் தண்ணீரை விட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில். போனை எடுக்காதே. பாத்திரத்தின் ஓரத்தில் மஞ்சளாக நுரை கட்டும், ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரும். நடுவில் வந்து சேர்கிற நேரம் அணைத்துவிடு. கொதித்துவிட்டால் மிளகு சீரகத்தின் வாசம் எல்லாம் மேலே போய்விடும், கீழே வெறும் புளிப்பும் காரமும்தான் மிஞ்சும். கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலையை நெய்யில் தாளித்துக் கொட்டி, மல்லித்தழை கிள்ளிப் போட்டு உடனே மூடு. போன தடவை உன் ரசம் 'என்னமோ குறையுது' என்றாயே, நீ மூடாமல் விட்டிருப்பாய்.

வீடியோ பார்த்துப் பனீர் பட்டர் மசாலா செய்ததாக அனுப்பிய படத்தையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் க்ரீம், முந்திரி, வெண்ணெய் என்று அன்றைக்கு எவ்வளவு ஆயிற்று என்று நோட்டில் பார். அதெல்லாம் பிறந்தநாளுக்கு. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, கையில் ரெண்டு வாழைக்காயும் கொஞ்சம் தேங்காயும் மட்டும் இருக்கும்போது நாலு பேர் பசியோடு நின்றால் என்ன செய்வாய்? அதை எந்த வீடியோவும் சொல்லாது. வாழைக்காயைச் சுட்டோ வேகவைத்தோ, வற்றல், புளி, தேங்காய் வைத்துத் துவையல் அரைத்துச் சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து தின்னலாம். ஒன்றும் கிடைக்கவில்லையா, வெட்கப்படாமல் அம்மா உணவகத்துக்குப் போங்கள். 2013-இல் ஆரம்பித்த காலத்திலிருந்து இட்லி ஒரு ரூபாய்க்குப் போடுகிறார்கள்.

மிச்சச் சோறு பற்றி ஒன்று. ராத்திரி மீந்ததைக் குக்கரிலேயே மூடிவைத்து, மறுநாள் மத்தியானம் முட்டை போட்டுக் கிளறுகிறாய் என்று தெரியும். அது வேண்டாம். அரிசியில் ஒரு கிருமி வித்தாக இருக்கும், சோறு வெந்தாலும் அந்த வித்து சாகாது. வெதுவெதுப்பாகக் கிடக்கிற சோற்றில் அது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்குத்தான். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் கிளறிய சோறு, மறுநாள் பிரைடு ரைஸ் எல்லாம் கிடையாது. அளவாகப் போடு. புழுங்கல் அரிசி ஒரு டம்ளருக்கு மூணு டம்ளர் தண்ணீர், பச்சரிசிக்கு ரெண்டரை. புது அரிசியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறை. அப்படியும் மீந்தால் சூடு ஆறியதும் ராத்திரியே தண்ணீர் ஊற்றிவிடு, காலையில் புளித்த வாசம் வந்ததும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடித்துவிட்டுக் காலேஜுக்குப் போ. மத்தியானம்வரை வைத்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வீட்டில்தானே இருப்பீர்கள்? அன்றைக்கு மட்டும் முறை வேண்டாம், எல்லாரும் சேர்ந்து கூட்டாஞ்சோறு ஆக்குங்கள். சின்ன வயசில் நாங்கள் ஆளுக்கொரு வீட்டிலிருந்து அரிசி, பருப்பு, காய் என்று கொண்டுவந்து மூணு கல்லைக் கூட்டித் தோப்பில் ஆக்கினோம். பாதி வெந்த பருப்பில் அரிசியைப் போட்டு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், அவரைக்காய் எது இருக்கிறதோ எல்லாம் போடுங்கள். தேங்காய், சீரகம், வற்றல், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, காய் வெந்தபிறகு புளித்தண்ணீர், கடைசியில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. தாளிக்க வடகம் இந்த வாரம் பஸ் பார்சலில் வருகிறது, கூட அப்பளமும் வைத்திருக்கிறேன். திருச்சித் தம்பி முட்டை தொடமாட்டான் என்றாயே, அவனுக்குத் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் எடுத்து வை. அவன் கேட்கிறவரை காத்திருக்காதே. பாலக்காட்டுப் பையனை அவன் வீட்டு மோர்க்கறி வைக்கச் சொல். தெரியாது என்றால் அவன் அம்மாவுக்குப் போன் போடச் சொல். நாலு வீட்டுச் சமையலும் உங்கள் நாலு பேர் கையிலும் வந்துவிட்டால் எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் நீ வந்துவிடுவாய் அல்லவா? அக்காவும் அத்தானும் அன்றைக்குச் சாயங்காலம் வருகிறார்கள். ராத்திரிச் சாப்பாடு உன் பொறுப்பு, ஆறு பேருக்கு. சொதி வேண்டாம், தேங்காய்ப்பால் மூணு தடவை பிழிய உனக்குப் பொறுமை போதாது. வேறு என்ன வைக்கப்போகிறாய் என்று ரெண்டு நாள் முன்னாடியே சொல், சாமான் வாங்கி வைக்கிறேன். நான் அடுப்படிப் பக்கம் வரமாட்டேன், முறுக்குச் சுடுகிற வேலை எனக்கு இருக்கிறது. பாத்திரத்தை அத்தான் கழுவட்டும். அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா