கோட்டின்ஹோவை வாங்கியவர்களைக் கேட்கமாட்டோமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார விளையாட்டுப் பக்கத்தில், பெரிய தொகைக்குக் கைமாறி ஏமாற்றிய உதைபந்தாட்ட வீரர்களின் வரிசையில், லிவர்பூலில் இருந்து பார்சிலோனாவுக்குப் போன பிரேசில் வீரர் பிலிப்பே கோட்டின்ஹோவுக்கு முதலிடம் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பக்கம் எங்கள் தெருமுனைத் தேத்தண்ணிக் கடையில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போய்விட்டது. பிரேசில் இரசிகர்கள் ஒரு பக்கம், மெஸ்ஸிக்காக உயிரை விடுகிறவர்கள் மறுபக்கம் என்று சத்தம் போட்டார்கள். ஆனால் காசை வாங்கிக்கொண்டு விளையாடாமல் விட்டவர் என்பதில் மட்டும் கடைசியில் இரு தரப்பும் ஒத்துப்போய்விட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகம் 222 மில்லியன் யூரோவைக் கட்டிப் பார்சிலோனாவில் இருந்து நெய்மரைக் கொண்டுபோனது. பார்சிலோனாவிடம் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது, அதன் இரசிகர்கள் எவ்வளவு கொதிப்பில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஐரோப்பா முழுவதற்கும் தெரிந்துபோயிற்று. மடி நிறையக் காசும் முகம் நிறைய அவசரமுமாக வருகிறவருக்கு மீன் சந்தையில் என்ன விலை சொல்வார்கள்? அதே மாதம் பார்சிலோனா நிர்வாகத்தார் டெம்பேலே என்ற பிரெஞ்சு வீரருக்கு 105 மில்லியன் யூரோவும், நிபந்தனைகளோடு அதற்கு மேலும் பேசினார்கள். அவர் செப்டெம்பரிலேயே தொடைத்தசைக் காயத்தோடு படுத்துவிட்டார். 2018 ஜனவரியில் கோட்டின்ஹோவுக்கு 120 மில்லியன், நிபந்தனைத் தொகையாக இன்னும் 40 மில்லியன் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

கோட்டின்ஹோ மேல் பிழையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தன்னை விடுவிக்கச் சொல்லி லிவர்பூலிடம் கேட்டுப் பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். 2019 ஏப்ரலில் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு எதிராகத் தூரத்தில் இருந்து அருமையான கோல் ஒன்றைப் போட்டுவிட்டு, சொந்த இரசிகர்கள் முன்னால் காதுக்குள் விரலை விட்டுக் காட்டினாரே, அதுவும் அழகில்லை. ஆனால் விளையாடாமல் விட்டார் என்பது பொய். வந்த முதல் அரைப் பருவத்தில் 22 போட்டிகளில் 10 கோல் அடித்தவர் அவர். அந்தப் பருவம் ஏற்கெனவே லிவர்பூலுக்காக ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கியிருந்ததால், அதில் பார்சிலோனாவுக்கு விளையாட அவருக்கு அனுமதியே இருக்கவில்லை. இத்தாலியின் ரோமா கழகத்திடம் பார்சிலோனா தோற்று வெளியேறிய ஆட்டத்தில் அவருக்குப் பங்கில்லை.

உண்மையான சிக்கல் அவர் நிற்கும் இடத்தில் இருந்தது. லிவர்பூலில் அவர் இடது பக்கத்தில் பந்தை வாங்குவார், உள்ளுக்குள் வெட்டி வருவார், பெட்டிக்கு வெளியே இருந்து வலது காலால் வளைத்து அடிப்பார். அதற்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் வேண்டும். பார்சிலோனாவில் அந்த வெற்றிடம் மெஸ்ஸிக்கு உரியது. இடது ஓரமோ பின்வரிசை வீரர் ஜோர்டி அல்பாவுக்கு உரியது. மெஸ்ஸி தூக்கிப் போட, அல்பா பின்னால் இருந்து ஓடிவந்து எடுப்பதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அப்படியானால் கோட்டின்ஹோ எங்கே நிற்பது? பார்சிலோனாவின் மூத்த வீரர் இனியெஸ்டாவின் இடத்துக்கு என்றார்கள். இனியெஸ்டா நடுக்களத்தில் பந்தைக் காலோடு வைத்திருந்து ஆட்டத்தின் வேகத்தையே மாற்றுகிறவர். கோட்டின்ஹோ பந்து கிடைத்ததும் கோலை நோக்குகிறவர். இருவரும் இரண்டு வேறு வகை வீரர்கள். பயிற்றுவிப்பாளர் வால்வெர்டே அவரை நடுக்களத்திலும் வைத்துப் பார்த்தார், ஓரத்திலும் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் அவர் அரை ஆளாகத்தான் தெரிந்தார். இத்தனை கோடியைக் கொட்டுவதற்கு முன், இவரை எங்கே நிறுத்தப்போகிறோம் என்று நிர்வாகத்தில் ஒருவராவது கேட்டிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

2019 மே 8 அதிகாலை 12.30க்குத் தொடங்கிய, லிவர்பூலின் அன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை எங்கள் ஊரில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்து மூன்று கிழமைகூட ஆகாத நாட்கள் அவை. வழமைபோல ஒரு வீட்டில் கூடிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அவரவர் வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். முதல் ஆட்டத்தில் 3-0 என்று வென்றிருந்த பார்சிலோனா, அன்று 4-0 என்று தோற்றது. கோட்டின்ஹோ தன் பழைய மைதானத்தில் 60ஆவது நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டுத் தலை குனிந்து நடந்தார். எதிரே நின்றவர்கள் யார்? அவர் விலகிய அதே காலத்தில் லிவர்பூல் கொண்டுவந்த பின்வரிசை வீரர் வான் டைக்கும், சில மாதம் கழித்து வாங்கிய கோல் காப்பாளர் அலிசனும். தமக்கு எந்த இடத்தில் ஓட்டை என்பதை அறிந்து அந்த இடத்துக்கு ஆள் எடுத்த கழகம் அது. அந்த வருடக் கிண்ணமும் அவர்களுக்கே போனது.

பார்சிலோனாக்காரர்கள் பாடம் படித்தார்களா? இரண்டே மாதத்தில், ஜூலையில், 120 மில்லியன் யூரோவுக்கு முன்வரிசை வீரர் கிரீஸ்மனை வாங்கினார்கள். அவரும் மெஸ்ஸி உலாவும் இடத்திலேயே விளையாடப் பிடித்தவர். கோட்டின்ஹோவை ஜேர்மனியின் பயேர்ன் மியூனிச் கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். 2020 ஆகஸ்டில் அதே பயேர்ன் 8-2 என்று பார்சிலோனாவை நொறுக்கியபோது, மாற்று வீரராக வந்து கடைசி இரண்டு கோல்களையும் அடித்தவர் கோட்டின்ஹோதான். இந்த வீரர்களை எல்லாம் வாங்கிய காலத்தில் பார்சிலோனாவின் தலைவராக இருந்த பார்டொமியு அந்த வருடம் ஒக்டோபரில் பதவி விலகினார். அடுத்த வருடம் கழகத்தின் கடன் 1.35 பில்லியன் யூரோ என்று புதிய தலைவர் லப்போர்ட்டா அறிவித்தார். ஸ்பானிய லீக்கின் சம்பள வரம்பு இடம் கொடுக்காததால் மெஸ்ஸியையே இழந்தார்கள். உங்கள் வரிசையில் பார்டொமியுவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை, ஐயா. என் மனத்தாங்கல் அதுதான்.

பார்சிலோனாவோடு இது முடிந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். இங்கேயும் சுற்றுப்போட்டிக் காலத்தில் நடப்பது இதுதான். இறுதிப்போட்டிக்கு வந்த ஒரு கழகம், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் அனுப்பிய பணத்தில் வெளியூர் வீரர் ஒருவரை இறக்கியது. பையன் இரவு ரயிலில் வந்து சேர்ந்து அன்று பின்னேரமே சப்பாத்துக் கட்டினான். பின்வரிசையில் விளையாடிப் பழகியவனை, உயரமாக இருக்கிறான் என்பதற்காக முன்வரிசையில் நிறுத்தினார்கள். அணியில் யாருடைய பெயரும் அவனுக்குத் தெரியாது. பந்து கேட்பதற்குக் கையைத்தான் தூக்கினான். தோற்றதும் விழுந்த பேச்சு முழுவதும் அவன் மேல்தான். கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வருடம் முழுக்கக் கடற்கரை மணலில் ஓடிப் பயிற்சி எடுத்த எங்கள் பிள்ளைகள், காலில் அடிபடாமல் இருக்கக் காலுறைக்குள் கார்ட்போட் மட்டையைச் செருகிக்கொண்டு விளையாடுகிறவர்கள், அன்று தண்ணீர்ப் போத்தலோடு கோட்டுக்கு வெளியே நின்றார்கள். அந்தத் தொகைக்கு அவர்கள் எல்லாருக்கும் சப்பாத்து வாங்கியிருக்கலாம். முடிவெடுத்தவர்கள் மேடையில் மாலையோடு இருந்தார்கள். அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஐரோப்பியக் கழகங்களைப் பற்றி எழுதும்போது, வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நடக்கும் போட்டிகளைப் பற்றி எழுதும்போது, வெளியூர் வீரர் சோபிக்கவில்லை என்ற ஒரு வரியோடு செய்தியை முடித்துவிடாதீர்கள். அவரைக் கொண்டுவந்த நிர்வாகத்திடம் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த இடத்தில் விளையாட அழைத்தீர்கள், யாரை வெளியே நிறுத்தினீர்கள் என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். பதில் தந்தால் பிரசுரியுங்கள். தர மறுத்தால் மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
உதைபந்தாட்ட இரசிகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.