பேத்தியின் படிப்பு குவைத்துக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நான் படுவான்கரைப் பக்கம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற மனுசி. இடியப்பம் சுற்றுகிற பழைய பேப்பரை வாசிக்காமல் கிழிப்பதில்லை. உங்கள் பத்திரிகையும் அப்படித்தான் கைக்கு வரும், சில நேரம் ஒரு மாதம் பிந்தி. 1978 சூறாவளி அடித்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக் கூரையோடு என் படிப்பும் போய்விட்டது. இப்போது மகள் குவைத்தில் வீட்டு வேலை. மூன்றாம் தரம் படிக்கிற பேத்தி என்னோடு.

ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய்த் திரும்பினால் என் விளக்குமாறு பாதியாய் மெலிந்து கிடக்கிறது. இவள் முற்றத்தில் குந்தியிருந்து ஈர்க்கை ஒடித்து ஒடித்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நல்ல பேச்சுக் கொடுத்தேன். இரவு கணக்குக் கொப்பியைத் திறந்தாள். 42இல் 17 கழிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தபடி, “ரெண்டில ஏழு போகாது, பக்கத்தில ஒண்டைக் கடன் வாங்கு மகள்” என்றேன். “கடன் இல்ல அம்மம்மா, கட்டை அவிழ்க்கணும்” என்றாள். என்ன கட்டு, எங்கே அவிழ்ப்பது? அவளுக்கு விளங்கப்படுத்தத் தெரியவில்லை, அழுதாள். சாட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் ஏசினேன். கணக்குச் செய்யாமலே படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மகள் போன் எடுத்தாள். “ரீச்சர் செவ்வாய்க்கிழமையே வட்ஸ்அப் குறூப்பில படம் போட்டிருந்தாவே அம்மா” என்றாள். பத்து ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பத்து. நாற்பத்திரண்டு என்றால் நாலு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். ஏழை எடுக்கப் போதாது, அதனால் ஒரு கட்டை அவிழ்த்தால் தனி ஈர்க்குப் பன்னிரண்டு ஆகும். அதில் ஏழு போனால் ஐந்து. மிஞ்சின மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. ஆக 25. இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறா அந்த ரீச்சர்ப் பிள்ளை! அந்தக் காலத்தில் நாங்கள் ஏன் கடன் வாங்குகிறோம், யாரிடம் வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்கினோம்.

பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வளவுக்கும் இடையில் நாலு வேலிதான் இருக்கிறது. ஆனால் அங்கே படிப்பித்தது குவைத்துக்குப் போய், மூன்று நாள் கழித்து எனக்கு வந்தது. என்னிடம் இருப்பது பட்டன் போன். குறூப்பில் இருப்பது மகளின் நம்பர். எங்கள் ஊரில் பிள்ளையைப் பெற்றவர் வெளிநாட்டிலும் வளர்க்கிறவர் வீட்டிலுமாக இருக்கிற குடும்பம் என்னுடையது மட்டும் இல்லை.

ரீச்சரில் குறை சொல்ல எழுதவில்லை. டவுனில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறா, மழைக்கும் நிற்பதில்லை. ஆனால் கூட்டம் என்று எங்களைக் கூப்பிட்டால் கேற்றுக்குப் பெயின்ற், விளையாட்டுப் போட்டிக்குக் காசு, இதுதான் கதை. வேளாண்மை வெட்டு நேரம் காலை பத்து மணிக்கு வைத்தால் யார் போவது? பிள்ளை என்ன படிக்கிறாள், எதில் தடுமாறுகிறாள் என்பது தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையில்தான் தெரிகிறது. அதற்குள் அடுத்த தவணை தொடங்கிவிடும். வகுப்பில் நடக்கிறது தெரியாததால்தான் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தேடி ஓடுகிறோம் என்பது என் எண்ணம். ரியூசன் வாத்தியார் என்ன படிப்பித்தார் என்றாவது வாசலில் வைத்துச் சொல்கிறாரே!

போன கிழமை துணிந்து பேத்தியின் கொப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன்: “ரீச்சர், அடுத்தது என்ன படிப்பிக்கப் போறீங்க? நான் வீட்டில் என்ன செய்ய?” அடுத்த நாள் சிவப்புப் பேனையில் பதில் வந்தது: “ஐந்தின் வாய்பாடு. இடியப்பத்தை அஞ்சஞ்சாக அடுக்கி எண்ண விடுங்கோ அம்மா.” இப்போது விடியற்காலையில் இவள் தட்டோடு குந்தி ஐந்து, பத்து, பதினைந்து என்கிறாள். கடைக்காரருக்குப் போகிற கணக்கும் பிழைப்பதில்லை.

அந்த இரண்டு வரிதான் கேட்கிறேன். கிழமைக்கு ஒரு தடவை பிள்ளைகளே கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும், அல்லது பிள்ளைகளைக் கூட்டிப்போக நாங்கள் கால்கடுக்க நிற்கிற கேற்றடியில் ஒரு கரும்பலகை மாட்டி எழுதட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் நின்று வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மம்மா,
படுவான்கரை, மட்டக்களப்பு.