ஆண்டறிக்கை: இரவு வானம் தரும் வெப்பத்தைக் கணக்கிடுதல்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு தணிக்கையாகித் தனியே சுற்றில் உள்ளது. சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் பேசுவார். இந்த அறிக்கை நம் வானிலைக் குழுவின் முதன்மை வேலையைப் பற்றியது: காற்றுமண்டலத்திலிருந்து தரைக்கு இறங்கும் வெப்பக் கதிர்வீச்சை, அதை நேரடியாக அளக்கும் விலையுயர்ந்த பிர்ஜியோமீட்டர் கருவி இல்லாமல் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு மதிப்பிடுவது. சம்பாப் பயிரில் எந்த இரவு பனி இறங்கும், இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கும் என்பதற்கெல்லாம் இந்த எண் வேண்டும். குலைநோய்க்கு ஈர இலைதான் வழி.

முதலில், காற்றுமண்டலம் முழுவதையும் ஒரே அடுக்காகக் கொள்ளும் பாடப்புத்தகத்து ஒற்றை அடுக்கு மாதிரியைப் போட்டுப் பார்த்தோம். சூரியனிடமிருந்து பூமி உறிஞ்சுவது சதுர மீட்டருக்குச் சராசரி 240 வாட். காற்றடுக்கின் உமிழ்திறன் (முழுமையாக உமிழும் கரும்பொருளோடு ஒப்பிட்ட பங்கு) 0.78 என்றால் தரை வெப்பநிலை 288 கெல்வினை ஒட்டி வருகிறது. உண்மைச் சராசரியும் அதுவே. ஆனால் அதே மாதிரி, அடுக்கு கீழே அனுப்புவது 153 வாட் என்கிறது. உலகச் சராசரியோ 340 வாட் அளவில் இருக்கிறது. மாதிரியில் வெயில் முழுவதும் தரையில் விழுகிறது. ஆவியாதலும் வெப்பச்சலனமும் இல்லை. கீழே சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருக்கும் காற்றை ஒரே வெப்பநிலையில் அடைத்துவிடுகிறது. விடை சரி, வழி தவறு. வகுப்பறைக்கு ஆகும், வயலுக்கு ஆகாது.

வயலுக்கு உதவியது 1975-இல் புருட்சார்ட் தந்த வாய்பாடு. ஐப்பசி மாலை, தெளிந்த வானம், உலர் குமிழ் (சாதாரண வெப்பமானி) 28 டிகிரி, ஈரக் குமிழ் (ஈரத் திரி சுற்றிய வெப்பமானி) 25 என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் தெவிட்டிய நீராவி அழுத்தம் 31.7 ஹெக்டோபாஸ்கல். குமிழ்களின் வேறுபாடு 3, அதை 0.67-ஆல் பெருக்கிக் கழித்தால் காற்றின் நீராவி அழுத்தம் 29.7. இதைக் கெல்வின் வெப்பநிலையால் (301.15) வகுத்து, ஏழாம் படிமூலம் எடுத்து, 1.24-ஆல் பெருக்கினால் உமிழ்திறன் 0.89. கரும்பொருள் என்றால் அந்த வெப்பநிலையில் 466 வாட் உமிழும். எனவே வானம் தருவது ஏறத்தாழ 415 வாட். பிரண்டின் 1932 வாய்பாடு 408 தருகிறது. ஈரப்பதத்தையே கேட்காத ஸ்வின்பேங்கின் 1963 வாய்பாடு 396-இல் நிற்கிறது. நம் டெல்டாக் காற்றுக்கு அது போதாது.

பிசகும் இடங்கள். அழுத்தத்தைக் கிலோபாஸ்கலில் போட்டால் 415 போய் 299 வரும். மறுபார்வையில் முதலில் இதைத்தான் தேட வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு திரியில் படிந்தால் ஈரக் குமிழ் கூடுதலாகக் காட்டும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள், திரியை அடிக்கடி மாற்றுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் கடற்காற்று இருப்பதால் இன்னும் அடிக்கடி. ஈரக் குமிழ் ஒரு டிகிரி கூடினால் விடையில் 5 வாட்தான் கூடும், ஏழாம் படிமூலத்தின் தயவு. 0.67 என்ற கெழு விசிறி வைத்த கருவிக்கு உரியது. காற்றோட்டமில்லாத கூண்டில் 1.2 வரை போகும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியை வானத்தை நோக்கிப் பிடித்து வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது 8 முதல் 14 மைக்ரான் வரைதான் பார்க்கும். வானம் மிகக் குறைவாக உமிழும் அலைநீளச் சன்னல் அதுவே.

வாய்பாட்டின் அடியில் இயல்பான வெப்பச் சரிவு (மேலே போகப் போகக் காற்று குளிர்வது) என்ற அனுமானம் இருக்கிறது. அசைவற்ற தெளிந்த இரவில் தரையோரக் காற்று மேலுள்ளதைவிடக் குளிர்வதால் விடை உண்மையைவிடக் குறையும், நண்பகலில் கூடும். நாள் சராசரிக்கு நம்பலாம், மணிக்கணக்குக்கு யோசித்து.

மேகந்தான் பெரிய தொல்லை. பொதுவாகத் தரும் வழி, மேகப் பங்கின் (வானில் மேகம் மூடிய பகுதி, முழு மேகம் என்றால் ஒன்று) வர்க்கத்தை 0.17-ஆல் பெருக்கி ஒன்றோடு கூட்டி விடையைப் பெருக்குவது. முழு மேகத்தில் நம் 415 வாட் 486 ஆகிவிடும். கரும்பொருளே 466-தான் தரும்போது இது நடவாது. நம் தெளிந்த வானமே 0.89 என்பதால், அந்தப் பெருக்கலுக்கு இடமில்லை. ஆகவே ஒன்றுக்கு மீதமுள்ள பங்கை மட்டும் மேகத்தால் நிரப்பும் முறையைக் கொண்டோம்: பாதி மேகம் என்றால் 0.945, அதாவது 441 வாட்.

வரும் குறுவைக்குள் எல்லாப் பதிவேடுகளிலும் மேகத்தை எட்டில் பங்காக, தாழ்மேகம், உயர்மேகம் தனித்தனிப் பத்தியில் குறிக்க வேண்டுகிறேன். மெல்லிய உயர்மேகம் குளிர்ந்தது. தாழ்மேகத்தைப் போல வெப்பம் தராது, ஒரே எண்ணில் அடக்கினால் கணக்குக் கெடும்.

பொதுக்குழு இவ்வறிக்கையை ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்